மூன்றாம் மேடையின் முப்பது எடைகள்

2071ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினொன்றாம் நாள், புதன்கிழமை. வானத்தில் மேகம் இல்லை. தென்கிழக்கிலிருந்து மிதமான காற்று. வெப்பநிலை முப்பத்திரண்டு பாகை. அலையின் உயரம் முக்கால் மீட்டர். இவற்றுள் கடைசியாகக் குறித்த அளவை மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாம் மேடை என்பது ஓர் ஊர். ஆனால் அதன் அடியில் மண் இல்லை. கடல் ஏறி நாகைக் கரையோரத்து ஊர்களை விழுங்கிய பின்னர், கரையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தொலைவில் நங்கூரமிட்டு நிறுத்தப்பட்ட நான்கு மிதவை ஊர்களுள் அது ஒன்று. வீடுகள், பள்ளி, கோவில், டீக்கடை, சண்டை, சமாதானம் ஆகிய அனைத்தும் அங்கே உண்டு. எல்லாமே அலைக்கு ஏற்றபடி மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். அங்கேயே பிறந்தவர்களுக்கு அந்த அசைவு தெரியாது. கரைக்குப் போனால்தான் அவர்களுக்குத் தலை சுற்றும்.

கரையிலிருந்து வரும் கணக்கு முடிவுகளை ஊருக்கு விளக்கிச் சொல்லும் விளக்குநர் பதவியில் இருந்தவள் தன்ஷிகா. வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு ஆண்டுகள் கடற்பாசி உலர்த்தும் கொட்டகையில் வேலை செய்துவிட்டு, நாற்பத்தோராவது வயதில் அஞ்சல் வழியில் புள்ளியியல் படித்துத் தேறியவள். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சாமிப் படத்துக்கு அருகில் மாட்டினாள். சாமி கோபித்துக்கொள்ளுமோ என்று மறுநாள் அரையடி தள்ளி மாட்டினாள். பாடநூலின் சொற்றொடர்கள் அவளுக்கு மனப்பாடம். மீன் குழம்பில் உப்புக் கூடிப்போனால்கூட, "இதிலிருந்து நாம் அறிவது யாதெனில்" என்றுதான் அக்கா தொடங்குவாள் என்று அவளுடைய தங்கை இனியா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

இனியா அன்று சிரிக்கவில்லை. அதற்கான காரணத்தை முறைப்படி விளக்குதல் வேண்டும்.

கடலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் கெட்ட நீரால் பல குழந்தைகள் இறந்தன. அந்தத் துக்கத்திலிருந்து பிறந்ததே சமவளர்ச்சிச் சட்டம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மேடையிலும் ஓராண்டு நிறையும் முப்பது பிள்ளைகளை நிறுப்பார்கள். கரையிலுள்ள ஒப்பாய்வி என்னும் எந்திரம் நான்கு மேடைகளின் சராசரி எடைகளையும் மாறுபாட்டுப் பகுப்பாய்வு என்ற முறையால் ஒருங்கே ஒப்பிடும். அந்த ஒப்பீட்டின் முடிவில் பி மதிப்பு என்ற ஓர் எண் கிடைக்கும். அது 0.05க்குக் கீழே இறங்கினால், எந்த மேடையின் சராசரி மிகக் குறைவோ அந்த மேடை பிள்ளைகளுக்கு ஆகாத இடம் என்று கொள்ளப்படும். முப்பது பிள்ளைகளையும் கரை இல்லத்துக்குக் கொண்டுபோய் ஓராண்டு வளர்ப்பார்கள். தாய்தந்தையர் மாதம் ஒருமுறை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். சட்டத்தை எழுதியவர்கள் கல்நெஞ்சர் அல்லர். ஆனால் எந்திரம் கணக்கிட்டதை மனிதர் மறுக்கக்கூடாது என்று எழுதிவிட்டார்கள்.

அன்று காலை ஒன்பது நாற்பதுக்கு முடிவு வந்தது. முதல் மேடையின் சராசரி 8.92 கிலோ. இரண்டாம் மேடை 8.95. நான்காம் மேடை 8.93. மூன்றாம் மேடை 8.60. பி மதிப்பு 0.029.

முப்பது பிள்ளைகளுள் ஒருத்தி இனியாவின் மகள் அஞ்சலை. பழைய பெயர்கள் அப்போது புது நாகரிகமாகத் திரும்பியிருந்தன. பதினொரு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற பிள்ளை.

பதினொரு மணிக்குக் கரைப்படகு வந்து சேர்ந்தது. அதில் முப்பது தொட்டில்கள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. அலுவலர் ருத்விக் இறங்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும், படகுப் பயணத்தில் முகம் வெளுத்திருந்தது. நேரே எடைக்கூடத்துக்கு வந்தார். தாய்மார் ஏற்கெனவே அங்கே கூடியிருந்தார்கள். யாரும் அழவில்லை, பிள்ளைகளை இறுக்கிப் பிடித்திருந்தார்கள்.

"தண்ணி தர்றேன், முதல்ல உக்காருங்க சார்" என்றாள் தன்ஷிகா.

"தண்ணியெல்லாம் வேணாம்மா. நாலு மணிக்குக் கிளம்பணும், அதுக்கப்புறம் காத்து மாறிடும். நீங்க விளக்கம் சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது."

"விளக்கம் சொல்றதுக்கு முன்னாடி, நீங்க என்ன புரிஞ்சிருக்கீங்கன்னு சொல்லுங்க."

ருத்விக் சற்று எரிச்சலோடு பார்த்தார். "இதுல என்ன இருக்கு? பி மதிப்பு சைபர் புள்ளி சைபர் ரெண்டு ஒன்பது. அதாவது இந்த மேடை பிள்ளைங்களுக்கு ஆகாதுங்கறது நூத்துக்குத் தொண்ணூத்தேழு உறுதி."

"மன்னிக்கணும் சார். அது அப்படிச் சொல்லல."

"பின்ன எப்படிச் சொல்லுது?"

"தாயம் ஆடியிருக்கீங்களா?"

"சின்ன வயசுல. ஃபோன்ல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தன்ஷிகா சிரிக்கவில்லை.

"நாலு வீட்டு ஆளுங்க உக்காந்து தாயக்கட்டை உருட்டுறாங்க. எல்லார் கையிலயும் ஒரே மாதிரி கட்டைதான்னு முதல்ல வச்சுக்கணும். இதை இன்மைக் கருதுகோள்னு புத்தகத்துல போட்டிருக்கும். ஆளுக்கு முப்பது தடவை உருட்டிச் சராசரி எடுத்தா நாலும் ஒண்ணாவா வரும்? முன்னபின்ன இருக்கத்தான் செய்யும். இப்ப நாம பாக்குற அளவுக்கோ அதுக்கு மேலயோ வித்தியாசம், கட்டையில ஒரு குறையும் இல்லாமலே, ஆயிரம் ஆட்டத்துல இருபத்தொம்பதுல தானா வந்துடும். பி மதிப்பு அதை மட்டுந்தான் சொல்லுது. தானா வர்றது அபூர்வம், அவ்வளவுதான். எல்லாம் ஒண்ணு இல்ல போலிருக்குன்னு கைகாட்டும். யாருகிட்ட குறைன்னு சொல்லாது; ஏன்னும் சொல்லாது. கட்டை கோணலா, உருட்டுன கை கோணலா, எண்ணுன வாய் கோணலான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா நாலாம் மேடைக்கு என்ன பதில்?" என்றார் ருத்விக்.

நான்காம் மேடையின் கதை எல்லாருக்கும் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே பி மதிப்பு 0.04 என்று வந்தது. முப்பது பிள்ளைகளும் கரைக்குப் போனார்கள். ஓராண்டு கழித்துத் திரும்பியபோது கொழுகொழுவென்று இருந்தார்கள். பெற்றவளிடம் வர மறுத்தார்கள். ஒரு பிள்ளை தரை அசைகிறதே என்று மூன்று நாள் வீறிட்டு அழுதது.

"கரைக்கு வந்த முதல் வாரத்துலயே புள்ளைக்குக் கால் கிலோ ஏறிச்சு. முதல் வாரத்துல! நான்தான் கிட்ட நின்னு பார்த்தேன். மேடையில ஏதோ ஒண்ணு ஆகலன்னு இதைவிட என்ன சாட்சி வேணும்? நீங்க தாயம் சொல்லிட்டு இருக்கலாம். எனக்கு அந்தப் புள்ளைங்க ஞாபகம் இருக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் தன்ஷிகாவிடம் ஓர் உரிமை இருந்தது. சட்டத்தின் பதினான்காம் பிரிவின்படி, விளக்குநர் ஐயம் எழுப்பினால் ஒரேயொரு முறை மறுநிறுவை கேட்கலாம். 'எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்பது ஐயம் ஆகாது. எங்கே பிழை நேர்ந்திருக்கும் என்பதைக் குறிப்பாக எழுதித் தரவேண்டும். சட்டம் பிறந்த நாள்தொட்டு எந்த மேடையிலும் அந்தப் பிரிவை எவரும் பயன்படுத்தியதில்லை.

"எனக்கு ஒரு மணி வரைக்கும் டைம் குடுங்க சார்."

"ஒரு மணி. அதுக்கு மேல என் கையில இல்ல."

தன்ஷிகா முறைப்படி தொடங்கினாள். குடிநீர் ஆய்வுத் தாளை எடுத்தாள். நான்கு மேடைகளிலும் உப்பு ஒன்றுபோலவே இருந்தது. பிள்ளைகளுக்கான சத்துமாவு ஒரே கிடங்கிலிருந்து வருவது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு எதுவும் இந்த ஆறு மாதத்தில் மிகுதியாக இல்லை. கருவியாவது கெட்டிருக்கும் என்று நம்பினாள்.

கருவியைப் பற்றி ஒரு சொல். மின் தராசுகள் அந்த உப்புக்காற்றில் ஓராண்டுகூடத் தாங்குவதில்லை. ஆகவே மேடைகளில் பழைய சுருள்வில் தராசைத்தான் தொங்கவிட்டிருந்தார்கள். கொக்கியில் துணித்தூளியை மாட்டிப் பிள்ளையைக் கிடத்தினால் முள் ஓடும். மேடை அலையில் ஏறி இறங்குவதால் முள் ஓரிடத்தில் நிற்காது. மேலும் கீழுமாக ஆடும்; அலை உயர்ந்தால் கூடுதலாகவும், தணிந்தால் குறைவாகவும். ஆடும் எல்லைகள் இரண்டுக்கும் நடுவை எழுதவேண்டும் என்பது விதி.

நிறுப்பவள் ஹர்ஷினி. ஐம்பத்திரண்டு வயது, ஊருக்கே எடையக்கா. தராசின் முகம் அவள் பக்கம் மட்டும் திரும்பியிருக்கும். அதைச் சுற்றி ஒரு சிவப்புத் துணியும் தொங்கும். மற்றவர் பிள்ளையின் எடையை யாரும் எட்டிப் பார்க்கலாகாது என்பது மேடையின் வழக்கம். பெற்றவளே பார்க்கமாட்டாள். தன்ஷிகாவும் பார்த்ததில்லை. அவளுக்கு எண்கள் தாளில்தான் வந்து சேரும்.

"எடையக்கா, அந்தச் சோதனை இரும்பை மாட்டுங்க" என்றாள்.

ஒன்பது கிலோ என்று பொறித்த இரும்புக் கட்டியைத் தூக்கி மாட்டினாள் ஹர்ஷினி. ருத்விக் துணியை விலக்கி எட்டிப் பார்த்தார். முள் 8.7க்கும் 9.3க்கும் இடையே நிதானமாக ஆடியது.

"ஒம்பது" என்றாள் ஹர்ஷினி, சிறிதும் தயங்காமல்.

"தராசும் சரி, ஆளும் சரி. வருஷா வருஷம் நாங்களே இந்த இரும்பை வச்சுத்தான் சோதிக்கிறோம்" என்றார் ருத்விக். வெற்றி பெற்றவரின் குரலாக அது இல்லை; களைத்தவரின் குரலாக இருந்தது.

மணி பன்னிரண்டே முக்கால். தன்ஷிகா தாளின்மேல் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐயம் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. ஐந்தாண்டுகளாகப் பெருமையோடு உடுத்திய படிப்பு, தைத்துக் கொடுத்தவன் அளவு பிசகிய சட்டையைப்போல அன்று கழுத்தை இறுக்கியது.

அப்போதுதான் இனியா எழுந்து வந்தாள். இடுப்பில் அஞ்சலை. கன்னத்தில் நாலணா அளவு கறுப்புப் பொட்டு.

"சார், எனக்கு ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கம்மா."

"எம் புள்ளை இளைச்சிருக்குன்னுதானே தூக்கிட்டுப் போறீங்க? எங்கண்ணு முன்னால ஒருதரம் நிறுத்துக் காட்டுங்க. இளைச்சிருந்தா நானே கொண்டுவந்து உங்க தொட்டில்ல போடுறேன்."

"ஒரு பிள்ளையை நிறுத்தா எதுவும் மாறாதும்மா. முப்பது பேரோட சராசரி…"

"சராசரியையா நான் பத்து மாசம் சுமந்தேன்?"

ருத்விக் தராசுப் பக்கம் கையைக் காட்டினார். "சரி. நிறுங்க" என்றார்.

அஞ்சலை தூளியில் கிடந்து, தன் கால் கட்டைவிரலைப் பெரிய உழைப்போடு வாய்க்குக் கொண்டுவந்தாள். தன்ஷிகா இந்த முறை தாளுக்காகக் காத்திருக்கவில்லை. தங்கையின் பிள்ளை என்பதால், எழுந்து சிவப்புத் துணிக்கு உள்ளே போய் ஹர்ஷினியின் தோளருகே நின்றாள். முள் ஓடியது. 9.4 வரை ஏறியது, 8.8 வரை இறங்கியது. மறுபடி 9.4, மறுபடி 8.8.

"எட்டு எண்பது" என்றாள் ஹர்ஷினி.

தன்ஷிகா முள்ளைப் பார்த்தாள். ஹர்ஷினியைப் பார்த்தாள். மறுபடி முள்ளைப் பார்த்தாள்.

"எடையக்கா."

"என்னடி?"

"இரும்புக்கு நடுவைச் சொன்னீங்க. புள்ளைக்கு ஏன் அடியைச் சொல்றீங்க?"

ஹர்ஷினி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடவா தெரியாது என்ற பார்வை.

"இரும்புக்கு யாருடி கண்ணு வைக்கப் போறா?"

ஹர்ஷினி அஞ்சலையின் கன்னத்துப் பொட்டைத் தொட்டுச் சரிசெய்தாள்.

"பச்சைப் புள்ளை எடையைக் கூட்டிச் சொன்னா கண்ணு படாதா? முப்பது பேரு வரிசையில நிக்கிறா. ஒருத்தி புள்ளை ஒம்பதரைன்னு சொன்னா, எட்டுன்னு கேட்டவ வயிறு எரியாதா? நான் என்ன பொய்யா சொல்றேன்? முள்ளு அங்கயும்தானே வருது! வர்ற எடத்துலதான் சொல்றேன். கொஞ்சம் அடக்கிச் சொல்றேன். இத்தனை வருஷத்துல நான் நிறுத்த புள்ளைக்கு ஒரு தலைவலி வந்திருக்குமா, கேளு இவங்கள!"

"வரலக்கா" என்றார்கள் இரண்டு மூன்று தாய்மார், தம்மையறியாமல்.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடுதல் பொருந்தும். எந்திரத்தின் கணக்கில் பிழையே இல்லை. வித்தியாசம் இருக்கிறது என்று அது கைகாட்டியதும் பொய்யில்லை. வித்தியாசம் உண்மையாகவே இருந்தது. ஆனால் பிள்ளைகளின் உடம்பில் இல்லை, நிறுத்தவளின் அன்பில் இருந்தது. இரும்பை வைத்து ஆயிரம் முறை சோதித்தாலும் அது அகப்பட்டிருக்காது. ஐந்தாண்டுகளாக எண்களை வாசித்த தன்ஷிகா, எண் பிறக்கும் இடத்தில் அன்றுதான் முதன்முதலாக நின்றாள்.

அவள் உட்கார்ந்து, ஐயம் என்ற கட்டத்தில் அழகிய எழுத்தில் எழுதினாள்: 'மூன்றாம் மேடையில் பிள்ளைகளுக்கு முள்ளின் நடு அளவு எழுதப்படவில்லை, கீழளவு எழுதப்பட்டுள்ளது. காரணம்: கண்ணேறு.'

ருத்விக் அதை இரண்டு முறை படித்தார். "இதை நான் கரையில காட்டினா என்னைப் பைத்தியம்பாங்க."

"குறிப்பா எழுதணும்னு சட்டம் சொல்லுது. குறிப்பா எழுதியிருக்கேன்."

"…சரி. மூணரைக்குள்ள முப்பதையும் நிறுத்து முடிக்கணும்."

ஹர்ஷினிக்கு அப்போதுதான் விஷயம் முழுவதும் விளங்கியது. "நான் அடக்கிச் சொன்னதாலயாடி புள்ளைங்கள எடுத்துட்டுப் போகப் பாத்தாங்க? கண்ணு படக்கூடாதுன்னு சொன்ன வாயாலயா?"

"அழாதீங்கக்கா. இப்ப நீங்கதான் நிறுக்கணும். வேற யாருகிட்டயும் இவங்க புள்ளையத் தரமாட்டாங்க."

"நடு எடையை வாயால சொல்ல என்னால ஆகாது. சத்தியமா ஆகாது."

"சொல்ல வேணாம். மேலயும் கீழயும் ரெண்டையும் பலகையில எழுதுங்க. சாரும் நானும் மட்டும் பாக்குறோம். அழிச்சிடலாம்."

அவ்வாறே முடிவாயிற்று. ஆனால் தாய்மார் ஒரு நிபந்தனை விதித்தார்கள். தராசில் ஏறும் முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகப் பொட்டு வைக்கவேண்டும். எல்லார் கையிலும் பிள்ளை இருந்தது. ஆகவே மைக்கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு, அறிவியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற அலுவலர் ருத்விக்கின் கைக்கு வந்தது.

"சார், கிண்ணத்தச் சாய்க்காதீங்க. சட்டையில கொட்டும்."

"பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்."

"உங்களுக்குப் புள்ளை இருக்கா சார்?" என்று கேட்டாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

"இருக்கான். ரெண்டரை வயசு."

"எத்தனை கிலோ?"

"பதினாலு…" என்று தொடங்கிய ருத்விக் சற்றே நிறுத்தினார். "இல்ல, பதிமூணரைதான் இருக்கும்."

கூடம் முழுவதும் வெடித்துச் சிரித்தது. "பாத்தீங்களாடி, கரையாளும் அரைக்கிலோ அடக்கிட்டாரு!" ருத்விக்கின் காதுகள் சிவந்தன. பிறகு அவரும் சிரித்தார். காலையிலிருந்து அந்தக் கூடத்தில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அந்தச் சிரிப்பில் வெளியேறியது.

நிறுவை நடந்தது. முதல்முறை நிறுத்த நாளைவிட அன்று அலை உயரமாக இருந்ததால் முள்ளும் கூடுதலாக ஆடியது. ஹர்ஷினி சுண்ணக்கட்டியால் இரண்டு எண்களை எழுதுவாள், காட்டுவாள், அழிப்பாள். தன்ஷிகா நடுவைக் குறிப்பாள். அஞ்சலை தன் முறை வந்தபோது பலகையையே பிடுங்கிக் கடித்தாள். சில பிள்ளைகள் உண்மையாகவே மெலிந்திருந்தன. சில உருண்டையாக இருந்தன. அதுதான் பிள்ளைகளின் இயல்பு. மூன்று இருபத்தைந்துக்கு முப்பதாவது பிள்ளை இறங்கியது. முடிவுகள் கரைக்குப் பறந்தன.

இருபது நிமிடம் காத்திருந்தார்கள். இனியா அஞ்சலையின் தலையில் முகத்தைப் புதைத்திருந்தாள். புதுத் தவறு ஒன்றைத் தானே செய்திருப்பேனோ என்று தன்ஷிகா நடுக்களை மனத்துக்குள் மறுபடி கூட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்று நாற்பத்தைந்துக்கு ஒப்பாய்வியின் விடை வந்தது. மூன்றாம் மேடையின் சராசரி 8.81. பி மதிப்பு 0.72.

ருத்விக் அதைச் சத்தமாகப் படித்தார். பிறகு, சட்டம் கேட்காத ஒரு வாக்கியத்தைத் தாமாகச் சேர்த்தார்: "யாரும் எங்கயும் போக வேண்டாம்."

முதலில் யாரோ விசும்பினார்கள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தி ஓடிப்போய், படகுத் தொட்டிலில் கட்டியிருந்த தன் பிள்ளையின் பெயரட்டையை அவிழ்த்து வந்தாள். இனியா அக்காவின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"அப்ப எழுவத்திரெண்டு சதவீதம் நாலு மேடையும் ஒண்ணுதான்னு அர்த்தமாக்கா?"

"அதுவும் இல்லடி. நாலும் ஒண்ணுன்னு வச்சுக்கிட்டா, இந்த அளவோ அதுக்கு மேலயோ வித்தியாசம் நூறு ஆட்டத்துல எழுவத்திரெண்டுல சும்மாவே வரும். அதனால, ஒண்ணு இல்லன்னு சொல்ல நம்மகிட்ட ஆதாரம் இல்ல. ஒண்ணுதான்னு அது நிரூபிக்கவும் இல்ல."

"ஒரு தரமாவது ஆமான்னு சொல்லேன்க்கா!"

தன்ஷிகா தங்கையைப் பார்த்தாள். தங்கை இடுப்பில் பலகைச் சுண்ணம் ஒட்டிய வாயோடு சிரிக்கும் பிள்ளையைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். பாடநூலில் இல்லாத அந்த விடையைச் சொல்லியதற்காக அவள் பின்னர் ஒருபோதும் வருந்தவில்லை.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ருத்விக் தம் பையை எடுத்துக்கொண்டார். படகை நோக்கி நடந்தார். பாதி வழியில் நின்றார். திரும்பி வந்தபோது அவர் முகம் காலையில் இருந்ததைவிட வெளுத்திருந்தது.

"தன்ஷிகாம்மா, ஒரு சந்தேகம். கரைத் தராசு ஆடாது, இல்லையா?"

"கரையே ஆடாதே சார். முள்ளு ஒரே எடத்துல நிக்கும்."

"அப்ப அடக்கிச் சொல்ல எடமில்ல."

"இல்ல."

"முதல் வாரத்துல கால் கிலோ…" என்றார். தன்ஷிகாவுக்கும் அந்தக் கணமே விளங்கியது. அந்த முப்பது பிள்ளைகளுக்குக் கரையில் எடை ஏறவில்லை. கரையில் அவர்களை உள்ளபடி நிறுத்தார்கள்; அவ்வளவே.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நாலாம் மேடையில எடை பார்த்தது யாரு?" என்று கேட்டார் ருத்விக்.

தராசைத் துடைத்துக்கொண்டிருந்த ஹர்ஷினியின் கை நின்றது.

"எங்க சின்னம்மா" என்றாள். "போன ஐப்பசியில தவறிட்டாங்க. எனக்கு நிறுக்கக் கத்துக்குடுத்ததே அவங்கதான்."

ருத்விக் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்தார். மைக்கறை படிந்த தம் விரல்களையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் மேடையின் தாய்மார் இரண்டு ஆண்டுகளாகத் தங்கள் பாலைச் சந்தேகித்தார்கள். தங்கள் சமையலைச் சந்தேகித்தார்கள். தாங்கள் பெற்றதையே குற்றமாக எண்ணினார்கள். அவர்களிடம் யாரும் எந்தக் குறையும் கண்டதில்லை. முள்ளின் கீழ்ப்பாதியை மட்டும் கண்டிருந்தார்கள்.

"போயிட்ட அந்த ஒரு வருஷத்தை நம்மால திருப்பித் தர முடியாது சார்" என்றாள் தன்ஷிகா மெதுவாக. "ஆனா, உங்க மேல தப்பு இல்லன்னு அவங்களுக்குச் சொல்லலாமில்ல? அதைக் கேக்கத்தான் அவங்க காத்திருக்காங்கன்னு நினைக்கிறேன்."

"கடிதம் அனுப்பலாம்" என்று தொடங்கினார் ருத்விக். தலையை அசைத்துக்கொண்டார். "வேணாம். நானே போறேன்."

"நானும் வர்றேன் சார். சின்னம்மா சொல்லவேண்டியதை நான்தான் சொல்லணும்" என்றாள் ஹர்ஷினி. ஈரத்துணியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, மைக்கிண்ணத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். போகிற இடத்திலும் பிள்ளைகள் இருப்பார்களே.

தாய்மார் படகுத்துறையில் நின்று கையசைத்தார்கள். இனியா அஞ்சலையின் குட்டிக் கையைப் பிடித்து ஆட்டினாள். கயிறு அவிழ்ந்தது. முப்பது வெறுந்தொட்டில்களும் அலையில் ஆடின. படகு முதலில் கரைப்பக்கம் மூக்கைத் திருப்பியது. பிறகு நிதானமாக வளைந்து, வடக்கே, நான்காம் மேடை இருக்கும் திசையில் ஓடத் தொடங்கியது. அப்போது மாலை மணி நான்கு பதினேழு.